வீட்டுக் குடைமிளகாய்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் விளைகிறது என்றால் தருமபுரியிலும் விளையுமா?

விளையும். ஆனால் மாதம் வேறு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்கள் 500 மீட்டரை ஒட்டி இருக்கின்றன. அரூர், ஊத்தங்கரை இன்னும் தாழ்வு. அந்த 400 மீட்டர் வித்தியாசம்தான் இந்தப் பயிருக்கு எல்லாமே.

குடைமிளகாய் கேட்பது பகலில் 20 முதல் 28 டிகிரி, இரவில் 16 முதல் 20 டிகிரி. பகல் வெப்பம் 33-ஐத் தாண்டினாலோ, இரவில் 24-க்குக் கீழே இறங்காமல் புழுங்கினாலோ பூ உதிரும். செடி சாகாது. பச்சைப்பசேலென்று நிற்கும், பூவும் வைக்கும், காய் மட்டும் பிடிக்காது. தருமபுரியில் பிப்ரவரியில் நட்டுவிட்டு ஏப்ரலில் “என்ன உரம் போடலாம்” என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: உரத்தில் கோளாறு இல்லை, நட்ட மாதத்தில்தான் கோளாறு.

அப்படியானால் எப்போது விதைப்பது?

தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, அரூர் ஆகிய இடங்களில் ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முடிவதற்குள் விதை போட வேண்டும். நாற்று 30 முதல் 35 நாளில் தயாராகும். செப்டம்பரில் நட்டால் அக்டோபரிலிருந்து பூ, நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை காய். மார்ச் பிறந்ததும் ஆசைப்படாமல் செடியைப் பிடுங்கிவிடலாம்.

ஓசூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டம் அவ்வளவு இறுக்கமில்லை. ஜூன் விதைப்பும் ஆகும், நவம்பர் விதைப்பும் ஆகும். மார்ச் கடைசியிலிருந்து மே பாதி வரையிலான வெயிலில் முதல் பூ வராதபடி மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ரகம்?

முதல் தடவை பச்சையாகவே பறிக்கும் ரகம் போதும். இந்திரா பச்சைக்குப் பெயர் பெற்ற வீரிய ஒட்டு ரகம். விதையை எடுத்து வைத்து மறுபடி போட நினைப்பவர்கள் கலிஃபோர்னியா வொண்டர், அல்லது பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மோகினி, அர்கா கௌரவ் ஆகியவற்றைப் பார்க்கலாம். தக்காளியும் கத்தரியும் திடீர் திடீரென்று வாடிச் சாகும் மண் உங்களுடையது என்றால் அர்கா கௌரவ் பொருத்தம். பாக்டீரியா வாடலை அது ஓரளவு தாங்கும்.

சிவப்புக்குப் பாம்பி, மஞ்சளுக்கு ஓரோபெல் என்று பசுமைக்குடில்காரர்கள் போடும் ரகங்களை மொட்டை மாடியில் திறந்த வெளியில் போட்டு, அதே அளவுக் காயை எதிர்பார்க்கக் கூடாது.

பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒரே செடியில் வருமா?

இந்த மூன்று நிறக் குடைமிளகாயும் முதலில் பச்சைதான். பழுக்கும்போது சிவப்பு ரகம் சிவப்பாகிறது, மஞ்சள் ரகம் மஞ்சளாகிறது. மஞ்சள் ரகம் எவ்வளவு நாள் விட்டாலும் சிவக்காது. பச்சையாகப் பறிக்கும் பருவத்திலிருந்து முழு நிறம் ஏற இன்னும் 15 முதல் 25 நாள் ஆகும். அத்தனை நாளும் அந்தக் காய் செடியின் சத்தை இழுக்கும், புதுப் பூ பிடிப்பது குறையும், வெயில் சுட்டுப் பட்டை விழும், பழ ஈயும் பறவையும் வரும். கடையில் நிறக் காய்க்கு ஏன் விலை கூடுதல் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பக்கத்தில் பச்சை மிளகாய் வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடுமா?

ஆகாது. மகரந்தம் கலந்தாலும் இந்த வருடக் காயின் சதை தாய்ச்செடியின் குணத்தில்தான் இருக்கும். அந்தக் காயின் விதையை எடுத்துப் போட்டால், அடுத்த செடியில்தான் காரம் தலைகாட்டலாம். மூன்று முடிச்சுக் காய் ஆண், நான்கு முடிச்சுக் காய் பெண் என்பதும் கதைதான். ஒரே செடியில் இரண்டும் காய்க்கும்.

நாற்று நாமே விடுவதா, வாங்குவதா?

20 செடிக்குக் குறைவென்றால் வாங்கிவிடுங்கள். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் குழித்தட்டு நாற்றுப் பண்ணைகள் நிறைய. பெரிய விவசாயிக்கு விட்டதில் மீந்த தட்டு கிடைக்கும். 10 முதல் 15 செ.மீ. உயரம், ஐந்தாறு இலை, இழுத்தால் குழியின் வடிவத்திலேயே வெள்ளை வேரோடு வரும் நாற்றுதான் நல்ல நாற்று. பூ வைத்த நாற்றைப் பார்த்து மகிழ வேண்டாம். அது தட்டிலேயே வயதானது, நட்டபின் வளர மறுக்கும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி பெரும்பாலும் நாற்றோடுதான் வீட்டுக்கு வருகிறது.

நீங்களே விடுவதானால் ஒரு கிராமில் ஏறக்குறைய 150 விதை இருக்கும். குழித்தட்டில் கழுவிய தென்னை நார்த்தூளை நிரப்பி, அரை செ.மீ. ஆழத்தில் குழிக்கு ஒன்றாக ஊன்றி, முளைக்கும் வரை தட்டை மூடி நிழலில் வையுங்கள். 7 முதல் 12 நாளில் முளைக்கும். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நூல் மாதிரி நீண்டுவிடும். தண்டு தரையோடு கருத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரம் மிகுந்ததுதான் காரணம். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைத் தொடக்கத்திலேயே நார்த்தூளில் கலந்துவிட்டால் பெரும்பாலும் வராது. வந்த பிறகு கலந்து பயனில்லை.

செடி வைக்கும் பை எவ்வளவு பெரியது, உள்ளே என்ன?

12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பையில் ஒரு செடி. இதைவிடச் சிறிய பையிலும் செடி வளரும், ஆனால் வெயில் நாளில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அங்கிருந்துதான் பாதித் தொல்லைகள் ஆரம்பம்.

மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்ப ஒரு பைக்குச் சுமார் 18 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண் 9 லிட்டர், கழுவிய தென்னை நார்த்தூள் 5 லிட்டர், மண்புழு உரம் 4 லிட்டர், வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். நம் பக்கத்துச் செம்மண்ணில் சரளைக்கல் அதிகமிருந்தால் சலித்துக்கொள்ளுங்கள். நார்த்தூள் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி இறங்கும். அதில் உப்பு இருக்கும். நிறம் வெளிறும் வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள்.

பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, பை தரையில் ஒட்டாமல் இரண்டு செங்கல் மேல் நிற்கட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் தண்ணீர் கட்டினால் குடைமிளகாய் வேர் அழுகிவிடும். கத்தரி பிழைத்துக்கொள்ளும், இது பிழைக்காது.

மாடி தாங்குமா?

நனைந்த பை ஒன்று 18 முதல் 20 கிலோ. 40 பை என்றால் முக்கால் டன். அதை நடு மாடியில் கும்பலாக வைக்காமல், அடியில் சுவரோ பீமோ ஓடும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். ஓட்டு வீடு, சிமெண்ட் ஷீட் கூரை என்றால் வாசலும் கொல்லையும்தான் இடம்.

நிழல்வலை கட்டாயமா?

ஓசூரில் மழைக்காலப் பயிருக்குக் கட்டாயமில்லை. தருமபுரியில் 35 சதவீத வெயிலைத் தடுக்கும் வலை இருந்தால் காயில் வெயில் சூடு விழாது. 50 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். டிசம்பரில் மூடுபனியும் மேகமும் சேரும் நாட்களில் வலையைச் சுருட்டிவிடுங்கள். வெளிச்சம் போதாவிட்டாலும் பூ உதிரும்.

தண்ணீர் எவ்வளவு? போர் தண்ணீர் ஊற்றலாமா?

நட்ட முதல் இரண்டு வாரம் நாளுக்கு அரை லிட்டர். காய் பிடித்தபின் ஒரு லிட்டர், வெயில் நாளில் ஒன்றரை. அதைக் காலையில் முக்கால் பங்கும் மாலையில் கால் பங்குமாகப் பிரித்து ஊற்றுவது நல்லது. அளவைவிட ஒழுங்கு முக்கியம். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் பையே வழியும்படி ஊற்றினால் காய் வெடிக்கும், அடிப்பகுதி அழுகும்.

இரண்டு மாவட்டத்திலும் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் உப்பாக இருக்கும். குடைமிளகாய் உப்பு தாங்காத பயிர். இலை ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாவதும், பையின் விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறுவதும் அதன் அடையாளம். அப்படியானால் பத்து நாளுக்கு ஒருமுறை மழைத்தண்ணீரையோ நல்ல தண்ணீரையோ பையின் அடியில் நன்றாக ஒழுகும் வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். ஆர்.ஓ. மிஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு விடுகிறார்கள். இதற்கு வேண்டாம், பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

உரம்?

நட்ட 15-ஆம் நாளிலிருந்து, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, வாரம் ஒருமுறை பைக்கு அரை லிட்டர். பூ வந்ததும் ஒரு வாரம் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) லிட்டருக்கு 3 கிராம், மறுவாரம் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 3 கிராம் என்று மாற்றி மாற்றி. இரண்டையும் வேறு வேறு வாரத்தில் கொடுப்பதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் உள்ள எந்த உரத்தோடும் கலந்தால் சுண்ணாம்பாக அடியில் தங்கிவிடும், செடிக்குப் போகாது. அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க நடுவே மஞ்சளானால் மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம்.

இயற்கை முறையென்றால் 20 நாளுக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கை மண்புழு உரம், பத்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் அல்லது 5 மில்லி மீன் அமிலம். காய் சற்றுச் சிறியதாக இருக்கும். வீட்டுச் சமையலுக்கு அது குறையில்லை.

முதல் பூவைக் கிள்ளச் சொல்கிறார்களே, ஏன்?

தண்டு இரண்டாகப் பிரியும் கவட்டையில் வரும் முதல் பூ காயானால், செடி முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும். அந்தக் காயும் கவட்டையில் நெருக்குண்டு கோணலாகும். அதனால் அந்தப் பூவையும் அடுத்த கணுவில் வருவதையும் கிள்ளிவிடுங்கள். கவட்டைக்குக் கீழே துளிர்ப்பவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு அல்லது மூன்று கிளை மட்டும் விடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சவுக்குக் குச்சி அல்லது மேலிருந்து தொங்கும் கயிறு வேண்டும். இந்தக் கிளை முருங்கைக் கிளை மாதிரி, பாரம் தாங்காமல் படக்கென்று ஒடியும்.

இலை சுருண்டுவிட்டது. என்ன செய்வது?

எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமல் மருந்து வாங்கினால் காசு வீண்.

இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டினால் நூலிழை போன்ற பூச்சிகள் ஓடும். நீல ஒட்டும் அட்டையைச் செடியின் உச்சிக்குச் சற்று மேலே கட்டுங்கள். பத்து பைக்கு ஒன்று போதும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் காதி சோப்புக் கரைசல் சிறிது சேர்த்து, மாலை ஐந்துக்கு மேல், ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை.

இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்த படகாகி, குருத்து குறுகி, காயின் தோல் சொரசொரப்பாகப் பழுப்பேறினால் அது மஞ்சள் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். இதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள்) லிட்டருக்கு 2 கிராம். வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தாலும் கருகும். சுருட்டையைக் கண்டதும் இரண்டையும் கலந்து அடிப்பவர்கள் பூச்சியோடு செடியையும் முடித்துவிடுகிறார்கள்.

சுருளோடு மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, செடி குட்டையாகிவிட்டால் நச்சுயிரி (வைரஸ்). அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கி ஒரு கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்துச் செடியைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காயின் அடியில் கருப்பாகக் குழி விழுகிறது. பூஞ்சணமா?

இல்லை, கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். தண்ணீர் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை என்றால் அது வேரிலிருந்து காய் நுனி வரை ஏறாது. முட்டை ஓட்டுத்தூள் மட்க மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பருவத்துக் காயை அது காப்பாற்றாது. பாதிக்கப்பட்ட காய்களைப் பறித்துவிட்டு, நீரை ஒழுங்குபடுத்தி, பையின் மேல் இரண்டு அங்குலம் வைக்கோல் அல்லது காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள். அடுத்து வரும் காய் சரியாக இருக்கும்.

இலையின் மேல் மஞ்சள் திட்டு, திருப்பினால் அடியில் வெள்ளை மாவு என்றால் அது சாம்பல் நோய். மார்கழிப் பனியில் வரும். கீழ் இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் விடுங்கள். நனையும் கந்தகம் இதற்கும் உதவும்.

ஒரு செடியில் எத்தனை காய்?

மாடிப் பையில் 8 முதல் 12 காய், ஒவ்வொன்றும் 100 கிராம் சுற்றி. ஆக ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பசுமைக்குடிலில் மண்ணில் நட்டு, மாதக்கணக்கில் பறிப்பவர்கள் சொல்லும் எடையை இதோடு ஒப்பிடுவது சரியில்லை.

விற்றால் லாபம் வருமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பை. பை, கலவை, நாற்று, குச்சி எல்லாம் சேர்த்துப் பைக்கு 120 ரூபாய் என்று வைத்தால் 4,800. உரம், மருந்துக்குப் பைக்கு 30 என்றால் 1,200. மொத்தம் 6,000. விளைச்சல் 40 கிலோ. வீட்டுக்கும் சொந்தத்துக்கும் போக, சொத்தை கழித்து 30 கிலோ விற்று, கிலோ 60 ரூபாய் கிடைத்தால் 1,800. முதல் பருவத்தில் கைப்பிடித்தம்தான். பையும் மண்ணும் இரண்டு மூன்று பருவம் வரும் என்பதால் இரண்டாம் பருவத்தில் செலவு நாற்றும் உரமுமாகச் சுருங்கும், அப்போது அந்தப் பருவச் செலவு கட்டலாம், ஆனால் இந்த விலையில் முதல் பருவத்து நஷ்டம் முழுதும் திரும்பாது. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதை நீங்களே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மாடிக் குடைமிளகாயால் மாதச் சம்பளம் வரும் என்று சொல்பவர் பெரும்பாலும் நாற்றோ பயிற்சி வகுப்போ விற்பவராக இருப்பார்.

யாரிடம் விற்பது?

40 பையில் விற்கக் கிடைப்பது வாரத்துக்குச் சராசரி இரண்டு கிலோ. அரை கிலோ வீதம் நான்கு வீடு. அவ்வளவுதான் உங்கள் சந்தை, அதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. தெருவிலோ அடுக்குமாடியிலோ நான்கு வீட்டுக்காரர்களிடம், “புதன்கிழமை காலையில் பறிப்போம், வேண்டுமென்றால் செவ்வாய் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஓர் ஏற்பாடு வைத்தால் போதும். பஜ்ஜிக் கடைக்காரர் நடுத்தரக் காயை விரும்பி வாங்குவார், ஆனால் அவருக்கு நாள் தவறாமல் வேண்டும். ஃப்ரைடு ரைஸ் கடைக்காரருக்கு அளவும் விலையும் மட்டுமே பேச்சு. பெங்களூருக்குப் போகும் ஓசூர்ப் பசுமைக்குடில் சரக்கு வழியிலேயே அவருக்குக் கிடைக்கும்போது, உங்கள் இரண்டு கிலோவுக்காக அவர் காத்திருக்க மாட்டார்.

உழவர் சந்தையில் கடை போட விவசாயி அடையாள அட்டை வேண்டும், அதற்கு நிலச் சான்று கேட்பார்கள். மாடித் தோட்டத்துக்கு அது சரிவராது. ஆனால் சந்தையின் விலைப் பலகையும் தமிழக அரசின் உழவன் செயலியில் வரும் விலையும் உங்களுக்கு உதவும். அன்றைய விலையைப் பார்த்து அதே விலையோ ஐந்து, பத்து ரூபாய் கூடுதலோ வையுங்கள். அன்று பறித்தது என்பதற்குத்தான் அந்தக் கூடுதல்.

எப்படிப் பறித்து, எப்படிக் கொடுப்பது?

பச்சைக் காய் நட்டதிலிருந்து 60 முதல் 75 நாளில் தயார். தோல் பளபளத்து, அழுத்தினால் உள்வாங்காமல் கெட்டியாக இருக்க வேண்டும். பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன், கத்தரியால் இரண்டு செ.மீ. காம்போடு வெட்டுங்கள். கையால் இழுத்தால் கிளையும் சேர்ந்து வரும். கழுவ வேண்டாம், ஈரத்தில் காம்படி அழுகும். துணியால் துடைத்தால் போதும்.

மூன்றாகப் பிரியுங்கள்: நேரான பெரிய காய், கோணலான நல்ல காய், பட்டை விழுந்தது. முதல் இரண்டையும் கலந்து ஒரே விலைக்குக் கொடுக்காதீர்கள். வாங்குபவர் கோணல் காயை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார். மூன்றாவது உங்கள் வீட்டுச் சாம்பாருக்கு.

காற்றுப் புகும் பையில் 8 டிகிரி சுமாரில் இரண்டு வாரம் நிற்கும். ஃப்ரிட்ஜில் காய்கறி அறைக்கு மேலே, குளிர் அதிகமுள்ள தட்டில் வைத்தால் தோலில் சிறு சிறு பள்ளம் விழும்.

உரிமம், சான்று ஏதாவது?

விளைந்த காயை அப்படியே விற்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் கேட்பதில்லை. புதுக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. அதையே ஊறுகாய், சாஸ் என்று பாட்டிலில் போட்டு விற்றால் பதிவு வேண்டும். தராசு முத்திரையிட்டதாக இருக்கட்டும். “ஆர்கானிக்” முத்திரை போட மத்திய அரசின் இயற்கை விளைபொருள் சான்றுத் திட்டங்களான பி.ஜி.எஸ். அல்லது என்.பி.ஓ.பி. சான்று தேவை. அது இல்லாவிட்டால் என்ன போட்டீர்கள், என்ன அடித்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வேப்பெண்ணெய் அடித்தால் மூன்று நாள் கழித்துப் பறியுங்கள், இல்லாவிட்டால் கசப்பு தெரியும். கடை மருந்து எதுவானாலும் டப்பாவில் போட்ட காத்திருப்பு நாளைத் தாண்டித்தான் பறிக்க வேண்டும்.

பருவம் முடிந்த பையில் மறுபடி இதையே நடலாமா?

உடனே வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய். செடியை வேரோடு எடுத்து, மண்ணைத் தரையில் பரப்பி ஏப்ரல், மே வெயிலில் இரண்டு வாரம் காயவிடுங்கள். ஜூனில் கீரையோ, கொத்தவரையோ, செடி அவரையோ போடலாம். அடுத்த செப்டம்பருக்கு அந்த மண்ணில் பைக்கு 4 லிட்டர் புது மண்புழு உரமும் 50 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, ஈரத்தோடு பத்து நாள் விட்டுப் பிறகு நடுங்கள். வாடி இறந்த செடியின் பை மண்ணை மட்டும் இந்தச் சுழற்சியில் சேர்க்காமல் தனியே எடுத்துப் பூச்செடிக்குக் கொட்டிவிடுங்கள். கனகாம்பரத்துக்கு வேண்டாம், அதற்கும் வாடல் பிடிக்கும். அரளிக்குப் போடலாம்.